சாட்சி வைத்துக் கேட்ட கேள்வி

தையல்காரிக்கு இடுப்பு விட்டுப்போய் ஆறு மாதம் ஆகிறது. பக்கவாதத்தில் விழுந்த புருஷனைத் தூக்கி, கழுவி, துணி மாற்றிப் படுக்க வைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். போன வாரம் கைநழுவிக் கீழே போட்டுவிட்டாள். நெற்றி பிளந்துவிட்டது. இன்னொரு முறை விழுந்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வீட்டுக்கு இலவசமாக ஆள் அனுப்பும் அலுவலகத்தில் மனுப் போட்டாள். தினமும் இரண்டு மணி நேரம் ஆள் வரும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

விசாரிக்க ஓர் அம்மாள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் எட்டுப் பக்கப் படிவம், முகத்தில் தருமம் செய்கிற களை. அந்த அலுவலகத்து மேதைகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். நோயாளியின் எதிரிலேயே கேள்விகளை உரக்கப் படிக்க வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் கூட இருந்து கேட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பொய் சொல்லி உதவி வாங்கிவிடுவார்களாம். மலம் அள்ள ஆள் கிடைக்கும் என்று ஊரே பொய் சொல்லக் காத்திருக்கிறது பாருங்கள்!

சாட்சிக்கு வேறு நாதியில்லை. மாடியிலிருந்து மூத்த ஓர்ப்படி, புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டிதான் வந்தாள். இந்த வீட்டு விஷயம் ஒன்று காதில் விழுந்தால் போதும், அவளுக்கு ஒரு மாதம் சாப்பாடே வேண்டாம்.

“தானா சாப்பிடுவாரா?” என்று அம்மாள் படித்தார்.

“ஊட்டணுங்க.”

ஓர்ப்படி உச்சுக்கொட்டினாள்.

“கக்கூஸுக்குத் தானா போவாரா, இல்ல படுக்கையிலயேவா?”

முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். அண்ணி எதிரில் சட்டையில்லாமல் நின்றதில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தானாத்தான் போவாரு. தானாத்தான் எந்திரிப்பாரு.”

“அப்புறம் எதுக்கும்மா மனு?”

“தெரியாமப் போட்டுட்டேன். ஆளும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

ஏன் வேண்டாம் என்று அம்மாள் கேட்கவில்லை. மிச்சப் பக்கங்களின் மேல் ஒரே கோடு கிழித்தார். ‘விருப்பமில்லை. மக்களிடம் விழிப்புணர்வு போதாது’ என்று எழுதினார். அடுத்த மனு ஒரு வருஷம் கழித்துத்தான் என்றார். ஓர்ப்படி பவிசாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி ஏறினாள்.

கதவைச் சாத்தியதும் புருஷன் குழறினார். “ஆமான்னு சொல்லியிருக்கலாமே. எனக்கென்ன வெக்கம்? நீ விழுந்துட்டா என்னை யாரு பாப்பா?”

“பேசாம கெடங்க,” என்றாள். அழுகை வந்துவிட்டது.

படுக்கை நனைந்திருந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பாதி எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவர் கட்டிலிலிருந்து சரியத் தொடங்கினார்.

“அக்கா! ஓடியாங்கக்கா! ஒரு கை பிடிங்க!”

மாடிப்படியில் காலடி கேட்டது. பாதியில் நின்றது.

“எதுக்குடி? தானாத்தான் எந்திரிப்பாருன்னு இப்பத்தானே என்கிட்ட கையெழுத்து வாங்குனீங்க?”