படகு குளித்த தண்ணீர்

படகை அந்தச் சின்னத் தீவின் துறையில் கட்டியதும் என்ஜினீயர் முதலில் தேடியது குழாயைத்தான். மூன்று நாள் உப்புக் காற்றில் ஓடிய படகை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. முப்பது வருஷம் குடிநீர் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வகுப்பெடுத்த புண்ணியவான். தன் படகென்று வந்தால் மட்டும் அந்தப் பாடமெல்லாம் மறந்துபோகும்.

துறைக் காவலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. என்ஜினீயர் படகை மேலிருந்து கீழ்வரை குளிப்பாட்டிவிட்டு, ரப்பர் குழாயின் நுனியைப் படகுத் தொட்டிக்குள் செருகினார். தொட்டி நிரம்பி வழிய வழிய விட்டால்தான் பழைய வாடை போகும் என்பது அவர் சித்தாந்தம்.

“மூடிட்டு வாங்க, போகலாம்,” என்றாள் மனைவி.

“அது பாட்டுக்கு ஓடட்டும். தண்ணிதானே?”

இரண்டு மணி நேரம் தீவைச் சுற்றினார்கள். கலங்கரை விளக்கம் ஏறினார்கள். வீட்டு வாசல்களில் காலிக் குடங்கள் வரிசையாக இருந்தன. வண்ண வண்ணமாக இருக்கிறதென்று என்ஜினீயர் அவற்றைப் படம் பிடித்தார். எதற்காகக் காத்திருக்கின்றன என்று கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது ரப்பர் குழாய் காய்ந்து கிடந்தது. துறைக்குழாயோ திறந்தபடியே இருந்தது. முப்பது வருஷ அனுபவம் சும்மாவா? ஊர்த் தொட்டி காலி என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மளமளவென்று ரப்பர் குழாயைச் சுருட்டிக் குழாயடியில் போட்டார்.

சற்று நேரத்தில் ஊரே அங்கே கூடிவிட்டது. வாரம் ஒருமுறை வரும் தண்ணீர்க் கப்பல் நேற்றுதான் ஊர்த் தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிருந்தது; அன்று மாலைதான் வீட்டுக்கு இத்தனை குடமென்று பங்கிடுவதாக இருந்தது. இனி ஆறு நாள் கழித்துத்தான் வரும்.

“பிரசவ வலியில ஒருத்தி துடிக்கிறா. கை கழுவத் தண்ணியில்ல,” என்று வாளியோடு நின்றாள் நர்ஸ்.

ஊர்த்தலைவர் காவலாளியிடம் பாய்ந்தார். “குழாயைத் திறந்து போட்டுட்டு வயித்தைப் பாக்கப் போயிட்டியா? நாளையிலேருந்து வேலைக்கு வராதே.”

“நான் மூடிட்டுத்தான் போனேன், தலைவரே.”

யாரும் நம்பவில்லை. என்ஜினீயர் தொண்டையைச் செருமினார். “எங்க படகுல தொட்டி நிறைய தண்ணி இருக்கு. எடுத்துக்குங்க.”

நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். காவலாளியே வாளி வாளியாகச் சுமந்தார்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். “அவங்க தண்ணியை அவங்களுக்கே குடுத்துட்டுக் கும்பிடு வேற வாங்கிக்கிறீங்க. வெக்கமா இல்ல?”

“விடு. காலையில கிளம்பிடுவோம்.”

“நாம கிளம்பிடுவோம். அந்த மனுஷன் எங்க போவாரு?”

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. என்ஜினீயர் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். “குழாயைத் திறந்துவிட்டவன் நான்தான்,” என்றார். தலைவர் காவலாளியின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

காவலாளி வாளியைக் கீழே வைத்தார்.

“தண்ணி போனது போகட்டும், ஐயா. என்னைத் திட்டினப்போ பக்கத்துலயேதானே நின்னீங்க? சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு இது ஒரு நாள் பொழுது. எங்களுக்கு இதுதான் பொழப்பு. அடுத்த ஊருக்குப் போனா, குழாயைத் தொடறதுக்கு முன்னாடி அங்க குடியிருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேளுங்க.”