வெடிப்பில்லாத கை

கொத்தனாரின் உள்ளங்கையில் வெடிப்பைக் காணோம். முதலில் கவனித்தவள் அவர் மனைவிதான். தட்டை வாங்க நீட்டிய கை, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கை மாதிரி இருந்தது. இருபது வருஷமாகச் சிமெண்ட் அரித்து, விரலிடுக்கெல்லாம் பிளந்து, எண்ணெய் தடவிக்கொண்டே எல்லார் மேலும் எரிந்து விழுகிற மனுஷன். இப்போது இரண்டு மாதமாக இருமல் இல்லை, எரிச்சல் இல்லை. குளிக்கும்போது பாட்டு வேறு.

வேலை போய்விட்டது, மறைக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். எங்கே வேலை என்று கேட்டதற்கு, மண்ணால் பள்ளிக்கூடம் கட்டுவதாகச் சொன்னாரே, அதுதான் அவளுக்கு ஆத்திரம். இந்தக் காலத்தில் மண்ணால் பள்ளிக்கூடமா? பொய்யையாவது பொருத்தமாகச் சொல்ல வேண்டாமா? சம்பளம் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது. அதை யார் கொடுக்கிறார்களோ என்று அது ஒரு தனிப் பயம்.

அண்ணனிடம் போய் மூக்கைச் சிந்தினாள். அண்ணன் அடுக்குமாடிக் கட்டடங்களில் மேஸ்திரி. திங்கட்கிழமையிலிருந்து மாப்பிள்ளை என்னிடம் வரட்டும், காண்ட்ராக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். மச்சான் சொல்லிக் கொத்தனார் எதையும் மறுத்ததில்லை.

பொய் அங்கேயே உடையட்டும் என்று, மறுநாள் மத்தியானம் கொத்தனார் சொன்ன இடத்துக்கே அவள் போய் நின்றாள்.

மண்சுவர்கள் ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தன. ஒரு குழியில் நாலு பேர் முழங்கால் சேற்றில் நின்று மண்ணையும் வைக்கோலையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அவள் புருஷன். எதையோ சொல்லி மற்ற மூவரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தவர், இவளைக் கண்டதும் வகுப்புக்கு மட்டம் போட்டவர் மாதிரி முழித்தார்.

"என்ன இந்தப் பக்கம்?"

"நிஜமாவே வேலைக்குத்தான் போறீங்களான்னு பாக்க வந்தேன்."

"நல்லாப் பாத்துக்குங்க அண்ணி," என்றான் குழியில் நின்ற ஒருவன். "இது உங்களுக்கு வேலை மாதிரியா தெரியுது?"

கொத்தனார் கால் கழுவிக்கொண்டு வந்து அவளைச் சுவரருகே கூட்டிப் போனார். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்பக்கம் கை வைத்துப் பார் என்றார். வைத்தாள். மண்பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. சன்னலை எங்கே வைக்கலாம் என்று பேசும்போது தன்னையும் உட்காரவைத்துக் கேட்டார்களாம். போன வாரம் ஒரு மூலை கோணிவிட்டதாம், அதற்காக யாரும் கத்தவில்லையாம்.

"தப்பாப் போச்சுன்னா இடிச்சு, தண்ணி ஊத்தி, மண்ணை மறுபடி மிதிச்சாப் போதும். முன்னாடி வேலை பாத்த இடத்துலயெல்லாம் என்னைத்தான் மிதிப்பாங்க."

அவள் அண்ணன் சொன்னதைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் தொங்கிப்போய்விட்டது.

"மச்சான் சொன்னாப் போகத்தானே வேணும்," என்று கரண்டியை எடுத்துக்கொண்டு, பூச்சு வேலை பாதியில் நின்ற சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த முகம் அவளுக்குப் புதிதல்ல. இருபது வருஷமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்த முகம்தான். இரண்டு மாதமாக அதைக் காணவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் குதித்தார். சேறு மிதிக்கவா அவருக்குத் தொழில் பழக்கிவிட்டேன், காண்ட்ராக்டர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். அவர் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"அண்ணே, ரெண்டு மாசமா ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வரார். இப்பத்தான் எனக்கு அவரைப் பழக்கம். நான் அனுப்ப மாட்டேன்."

அண்ணன், காண்ட்ராக்டரிடம் வேறு ஆளைச் சொல்லிக்கொள்கிறேன் என்று முனகினார். ஆனால் மண்சுவர் மழைக்கு நிற்குமா என்று ஞாயிற்றுக்கிழமை தானே வந்து பார்த்தால்தான் ஆச்சு என்றார்.

"வாண்ணே. பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு வா."

கொத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் எதுவுமே விழாதவர் போலக் கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த வழியாக வந்த இன்ஜினியரம்மா நின்று பார்த்தாள்.

"அண்ணா, அந்த இடம் வழவழன்னு ஆகி ரொம்ப நேரமாச்சு. கொஞ்சம் தள்ளிப் பூசுங்களேன்."