நாயின் முதல் நடை

திரையில் அந்தக் கிழட்டு நாய் படகிலிருந்து இறங்கி, பின்னங்கால் ஒன்றை லேசாக இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறியது. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தது. எசமானான படகோட்டி வருகிறானா என்று பார்ப்பதைவிட, தனக்கு மூச்சு வாங்குவதை அவன் கவனித்துவிட்டானா என்று பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. இஷ்பெல் ரென்னி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் திரையைப் பார்த்தாள். இருபது வருடமாக வீடியோ கேம் செய்து பிழைப்பவள்; டண்டி நகரில் இந்தச் சின்ன நிறுவனத்துக்குத் தலைமை வடிவமைப்பாளர். துப்பாக்கியும் வெடியும் எத்தனையோ பார்த்தாயிற்று. ஒரு நாய் நடந்து அவள் கண் கலங்கியது இதுதான் முதல் தடவை.

அந்த நாயை நடக்கவைத்தவன் கோல்பி. அமெரிக்காவில் ஒஹாயோவிலிருந்து வந்து அப்போதுதான் சேர்ந்திருந்த அனிமேஷன்காரன். அவள் நாற்காலிக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும்; தலைவி அவள்தான். நாலு பேர் முன்னால் கண் கலங்கியதைக் காட்டுவதாவது! அதற்கு ஆற்றில் குதித்துவிடலாம்.

"ஏம்ப்பா கோல்பி, எம் புருசன் காலையில கட்டில விட்டு எறங்குற மாதிரியே நடக்குதே இது! எங்க வீட்டுல கேமரா கீமரா ஒளிச்சு வெச்சிருக்கியா?"

அறையே அதிர்ந்தது. புரோகிராம் எழுதும் லாக்லன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "உம் புருசனவிட இது வேகம்தான்" என்றான். கோல்பியும் சிரித்தான், பல்லால் மட்டும். அதை அவள் கவனிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அந்த ஊரில் பிடித்தவனைத்தான் கிண்டலடித்து வாருவார்கள். எல்லோர் முன்னாலும் வாரினால் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பிடிக்காதவனிடம்தான் மரியாதையாகப் பேசுவார்கள். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

கோல்பி வளர்ந்த விதம் வேறு. பிரிண்டரில் காகிதம் வைத்தவரைக்கூட "பிரமாதம், நீங்க இல்லாட்டி என்ன ஆகியிருப்போம்!" என்பான். முதல் வாரம் அதைக் கேட்ட லாக்லன், "இந்தப் பய நம்மகிட்ட என்னத்த விக்க வந்திருக்கான்?" என்று இஷ்பெல் காதில் கேட்டான். கோல்பியின் பிறந்தநாள் கூத்து இன்னும் மோசம். பிறந்தநாள்காரர்தான் கேக் வாங்கிவர வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் ஊரில் கூட இருப்பவர்கள் வாங்குவார்கள் என்பது இவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம்வரை அவன் வாசலைப் பார்த்தான், இவர்கள் அவன் பையைப் பார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் வெறும் வாயோடு வீட்டுக்குப் போனார்கள்.

நாயைப் பார்த்து எல்லோரும் சிரித்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை கோல்பி கண் சிவந்து வந்து நின்றான். "சனி ஞாயிறு முழுக்க உக்காந்து சரி பண்ணிட்டேன், இஷ்பெல். பாருங்க."

நாய் படகிலிருந்து துள்ளி இறங்கியது. நாலு காலும் ஒழுங்காக ஓடின. மேட்டில் ஒரே மூச்சில் ஏறி வாலை ஆட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை, உயிரும் இல்லை. எந்தக் கேமிலும் ஓடும் எந்த நாயாகவும் அது இருக்கலாம்.

இஷ்பெலுக்குப் புரியவில்லை. ஏன் மாற்றினான்? கலைஞன், அவனுக்கு ஏதோ தோன்றியிருக்கும் என்று நினைத்தாள். தான் அடித்த கிண்டல்தான் காரணம் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை. இரண்டு நாள் தூங்காமல் செய்தவனிடம் போய், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதைக் கொண்டுவா என்று எந்த வாயால் சொல்வது? கிண்டல் செய்யவும் மனசு வரவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு கோல்பி. நன்றி."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

டீ போடும் இடத்தில் லாக்லன் அவளை மடக்கினான். "நீ 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னதும் நான் பயந்தே போயிட்டேன். பையன வேலைய விட்டுத் தூக்கப் போறியா?"

"சும்மா இரு. அந்த நாய் செத்துப்போச்சு, லாக்லன்."

"எனக்குந்தான் கண்ணு இருக்கு. பழச எடுத்துப் போடுறது ஒரு நிமிச வேலை. போய் அவன்கிட்டச் சொல்லு. அதுக்குத்தானே உன்னைத் தலைவின்னு உக்கார வெச்சிருக்கு?"

"சொல்றேன். அவன் கொஞ்சம் தூங்கி எந்திரிக்கட்டும்."

சொல்லவில்லை. அவன் தூங்கி எழுந்தான், சீட்டியடித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான், அந்தச் சீட்டியைக் கெடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் அந்த நாயை நம்பி வேறு காட்சிகள் வந்துவிட்டன. வசந்தத்தில் கேம் வெளியானது. விமரிசகர்கள் படகோட்டிக் கிழவனைப் பற்றி எழுதினார்கள், கடலைப் பற்றி எழுதினார்கள், இசையைப் புகழ்ந்தார்கள். கிழவனோடு கடைசிவரை நடந்த நாயைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இஷ்பெல் ஒவ்வொரு விமரிசனத்திலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் தேடினாள். அது யார் தப்பு என்று அவளுக்குத் தெரியும்.

கோடையில் கோல்பி வேலையை விட்டான். ஒஹாயோவிலேயே ஒரு வேலை கிடைத்துவிட்டதாம். கடைசி நாள் அவனே பெரிய கேக் பெட்டியோடு வந்தான். "இப்பவாச்சும் கத்துக்கிட்டேனே" என்று எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தான். தின்று முடித்ததும் இஷ்பெலின் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும். இங்க என்னை யாருக்கும் பெருசாப் புடிக்கலன்னு தெரியும். பரவாயில்ல, எல்லாரும் என்னைச் சகிச்சுக்கிட்டீங்க. ஆனா நீங்க ஒரு தடவை பாராட்டுனீங்க பாருங்க, அந்த நாய சரி பண்ணினப்போ? அன்னிக்கு எங்கம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்."

இஷ்பெல் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"மொதல்ல செஞ்சது தப்புதான்" என்றான் அவன். "இடுப்பு ஆபரேசன் முடிஞ்சு எங்கப்பா தபால் பெட்டி வரைக்கும் நடப்பாரு. அத எடுத்த வீடியோவப் பாத்துப் பாத்துச் செஞ்சேன். சொந்தக் கதைய வேலையில கலந்தா அப்படித்தான் கேலியாப் போயிடும். நீங்க சிரிச்சது நல்லதாப் போச்சு."

பாவி, பாவி என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். இப்போது சொன்னால் அவன் அம்மாவிடம் சொன்ன அந்த ஒரு பாராட்டும் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் அவன் அப்பாவின் நடை கேலிக்குரியது என்ற நினைப்போடு விமானம் ஏறுவான். எழுந்து நின்றாள்.

"கோல்பி, நான் சொல்றதக் கேளு. அந்த மொதல் நாய், நொண்டிக்கிட்டு வந்துச்சே, அதான் நல்ல நாய். இத்தன வருசத்துல நான் பாத்ததுலயே அதுதான் நல்ல நாய். எனக்கு அழுகையே வந்துருச்சுப்பா."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தான். அங்கே வந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

"கடைசி நாள்கூட வாராம விட மாட்டீங்களா! அழுகையே வந்துருச்சாம்!" என்று அவள் தோளைத் தட்டினான். "இப்பத்தான் உங்க ஊர்ப் பேச்சே எனக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு."

"இல்லப்பா, நெசமாத்தான்…"

"சரி சரி, நெசந்தான்" என்று கண்ணடித்துவிட்டு, காலிக் கேக் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

இஷ்பெல் ஜன்னலுக்குப் போனாள். லாக்லனும் மற்றவர்களும் கையசைக்க அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கோல்பி தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ஆற்றை நோக்கிச் சரியும் நடைபாதையில் நின்று மேலே பார்த்தான். அவளைக் கண்டுபிடித்ததும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஒரு காலை இழுத்து இழுத்து நாலடி நடந்தான். நின்று, மூச்சு வாங்குவதுபோல் தோளை இறக்கி, மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். பின்னால் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அவன் கையை ஆட்டிக்கொண்டே, இன்னும் நொண்டியபடி, சந்தோஷமாகத் தெருமுனை திரும்பினான்.