உக்கிரபாண்டி அண்ணனின் எட்டாவது ராஜினாமா

எங்கள் கம்பெனியில் பதினோரு வருடத்தில் ஏழு முறை ராஜினாமா செய்தவர் உக்கிரபாண்டி அண்ணன். ஏழு முறையும் அவரை வேலையில் தக்கவைத்தது நான்தான். இது முதலாளிக்குத் தெரியாமல்தான் நடந்தது. தெரிந்தால் என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார் என்று ஒரு காலத்தில் பயந்தேன். இப்போது அந்தப் பயமெல்லாம் போய்விட்டது.

என் பெயர் ஐரின். விளாங்குடியில் பம்புசெட் விற்று, பழுதும் பார்த்துக் கொடுக்கும் கம்பெனியில் ஆபீஸ் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடிதம் அடிப்பது, போன் எடுப்பது, லீவு குறிப்பது, எந்த ஊர் மோட்டாருக்கு எந்த மெக்கானிக்கை அனுப்புவது என்று பார்ப்பது, முதலாளி அழகுராஜா கோபமாக இருக்கிற நேரத்தில் ஃபைலை நீட்டாமல் இருப்பது, எல்லாம் ஒரே ஆள்தான்.

உக்கிரபாண்டி அண்ணன் எங்கள் மூத்த மெக்கானிக். வயது ஐம்பத்து நான்கு. போர்வெல்லுக்குள் முந்நூறு அடியில் கிடக்கிற மோட்டாரை மேலே தூக்குவதற்கு முன்பே, ஒரு தடவை சுவிட்சைப் போட்டு, குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னதுதான் கோளாறு என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். தொழில் எவ்வளவு சுத்தமோ, மூக்குக்கு மேல் கோபமும் அவ்வளவு.

முதல் தடவை ராஜினாமா செய்தபோது, அதை எப்படி எழுதுவது என்று என்னிடமே வந்து கேட்டார். அவருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் புது பைக்கைக் கொடுத்துவிட்டார்களாம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, "உடல்நிலை காரணமாக" என்று நானே எழுதிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு நோட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஆறு கடிதமும் அதே கடிதம்தான், தேதி மட்டும் மாறும். ஒரு தடவை டீ எல்லோருக்கும் வந்து அவருக்கு வரவில்லை. இன்னொரு தடவை முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "யோவ்" என்று கூப்பிட்டார். காரணம் எதுவானாலும் கடிதத்தில் அவருக்கு உடம்புதான் சரியிருக்காது.

கடிதத்தை வாங்குவேன். "சரிண்ணே" என்பேன். வருகைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்துவிடுவேன். மூன்று நாள் அவர் வரமாட்டார், நான் லீவு என்று குறித்துக்கொள்வேன். நாலாம் நாள் காலையில் போன் செய்வேன். "அண்ணே, சமயநல்லூர்ல ஒரு மோட்டாரு, பசங்களுக்குப் பிடிபட மாட்டேங்குது" என்பேன். எத்தனை அடி போர் என்று கேட்பார். பிறகு "வாரேன்" என்பார். வருவார். நான் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். இப்படித்தான் பதினோரு வருடம் ஓடியது.

போன வைகாசியில் முதலாளி ஆபீஸ் வேலைக்கென்று ஒரு ஏஐ வாங்கினார். ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னாராம். "ஐரின் மேடம், இனிமே நீங்க உக்காந்து வேலை வாங்குனாப் போதும். அம்புட்டும் அதுவே செஞ்சுரும்" என்றார். இருபது வருடமாக நான் நின்றுகொண்டா வேலை பார்த்தேன் என்று கேட்க நினைத்தேன்.

அதைப் பழக்கிக் கொடுக்க சத்யப்ரியா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், பொறுமைசாலி. கம்ப்யூட்டரில் அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும், நான் தமிழிலேயே பதில் எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம். "நீங்க என்ன செய்வீங்களோ அதை அப்படியே எழுதுங்க மேடம். மத்ததை அது பாத்துக்கிரும்" என்றாள்.

பொய் சொல்லக்கூடாது, அது நன்றாகவே கேட்டது. விவசாயி கோபமாக போன் செய்தால் என்ன சொல்வீர்கள்? ஒரே ஊரில் இரண்டு வேலை இருந்தால் ஒருவரையே அனுப்புவீர்களா? மெக்கானிக் லீவு கேட்டால் யாரிடம் கேட்டுச் சொல்வீர்கள்? இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒரு ஆள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வரிந்துகட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினேன்.

மூன்றாம் நாள் அது கேட்டது: "ஊழியர் ராஜினாமா கடிதம் கொடுத்தால் என்ன செய்ய வேண்டும்?"

என் கை நின்றுவிட்டது. பதிவேட்டுக்கு அடியில் வைப்பேன் என்று எப்படி எழுதுவது? பக்கத்தில் சத்யப்ரியா உட்கார்ந்திருக்கிறாள். எழுதியதை நாளைக்கு முதலாளி படிப்பார். முதலாளிக்கு வந்த கடிதத்தை அவர் கண்ணில் காட்டாமல் அமுக்குகிறவள் என்று பெயர் வாங்கவா? வெட்கமாக இருந்தது. நான் மிஷன் பள்ளியில் படித்தவள், ஒழுங்காக எழுதத் தெரியும். எழுதினேன்: "உடனே ஏற்றுக்கொண்டு மரியாதையாகப் பதில் அனுப்ப வேண்டும். கம்பெனிப் பொருட்களைத் திரும்பக் கேட்க வேண்டும்."

"சூப்பர் மேடம். இது ரொம்பத் தெளிவா இருக்கு" என்றாள் சத்யப்ரியா.

ஆனி மாதத்தில் அது முழு வேலையும் பார்க்க ஆரம்பித்தது. எந்தக் கடிதமானாலும் போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸப்புக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. தினமும் சாயங்காலம் அன்றைக்கு முடித்த வேலைகளின் பட்டியலை எனக்கு அனுப்பும். நாற்பது, ஐம்பது வரி இருக்கும். முதல் வாரம் வரி விடாமல் படித்தேன். இரண்டாவது வாரம் மேலோட்டமாகப் பார்த்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். தவறே இல்லாத ஒன்றை எத்தனை நாள்தான் படிப்பது.

அந்த மாதம்தான் உக்கிரபாண்டி அண்ணனின் மகள் தாமரைச்செல்விக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை சோழவந்தான் பக்கம், சர்க்கார் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள், தை மாதம் கல்யாணம். "எங்கப்பா கம்பெனியில மூத்த மெக்கானிக்குன்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா மேடம். அவுகளும் கௌரவமா நெனைக்கிறாக" என்று என்னிடம் நான்கு தடவையாவது சொல்லியிருப்பார். கடனோ உடனோ, வேலையில் இருக்கிறவனுக்குத்தான் கொடுப்பார்கள். அந்த வயதில் வெளியே போனால் வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை மதியம் பல் பிடுங்குவதற்காக நான் அரை நாள் லீவு. முதலாளி அன்றைக்கு, மெக்கானிக்குகளின் போனை வைத்து ஏஐ போட்டிருந்த கணக்கில் யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பார்த்திருக்கிறார். உக்கிரபாண்டி அண்ணன் ஒரே கிணற்றில் நான்கு மணி நேரம். திரும்பி வந்தவரிடம் இரண்டு கஸ்டமர் முன்னால், "என்னய்யா, கெணத்தடியில படுத்துத் தூங்கிட்டு வர்றியா?" என்று கேட்டிருக்கிறார். குழாய் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது, தூண்டில் போட்டு எடுத்தேன் என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டைப் பிரித்து, கடிதத்தைப் பார்த்து எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வந்ததும் பில் போடுகிற மீனா எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சரி, இது எட்டாவது, ஞாயிறு பூ வைக்கிற வேலையை இந்த மூன்று நாளில் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒரு பக்கக் கன்னம் வீங்கிய நிலையிலும் சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நாலாம் நாள் ஞாயிறு விசேஷம் என்பதால், ஒரு நாள் முன்னதாகச் சனிக்கிழமை காலையே போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. பதினோரு வருடத்தில் என் போனை அவர் எடுக்காமல் இருந்ததில்லை. அப்போதுதான் அந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்று தேடத் தோன்றியது.

புதன்கிழமைப் பட்டியலில் முப்பத்தெட்டாவது வரி. கடிதம் வந்தது நான்கு ஐம்பதுக்கு. பதில் போனது நான்கு ஐம்பத்திரண்டுக்கு.

"மதிப்பிற்குரிய திரு. உக்கிரபாண்டி அவர்களுக்கு, தங்கள் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது. தங்கள் உடல்நலம் விரைவில் சீரடைய வேண்டுகிறோம். ஸ்பேனர் பெட்டி, இரண்டு செட் யூனிஃபார்ம், அடையாள அட்டை ஆகியவற்றை ஒப்படைக்கவும். இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி. இப்படிக்கு, ஐரின், அலுவலக மேலாளர்."

இரண்டு தடவை படித்தேன். அதன் மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்தைக்கூட அது மாற்றவில்லை. மரியாதையாக என்று சொன்னேன், மரியாதையாகவே எழுதியிருந்தது.

முதலாளியிடம் போனேன். அவருக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. "ஏங்க, சீசன் நேரத்துல அந்தாள விட்டா யாரு இருக்கா? கோவத்துல ரெண்டு வார்த்தை சொல்லத்தான் செய்வேன். போயிக் கூட்டிட்டு வாங்க" என்றார். அவருக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனேன். வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அவர் மனைவி மாயக்காள் பித்தளைக் குத்துவிளக்கை விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "வாங்க" என்றாள், எழுந்திருக்கவில்லை. உக்கிரபாண்டி அண்ணன் உள்ளேயிருந்து ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். அதன் மேல் யூனிஃபார்ம், துவைத்து இஸ்திரி போட்டு மடித்து இருந்தது.

"நானே திங்கக்கெழம கொண்டாந்து குடுக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு விசேஷம், அதான்" என்றார்.

"அண்ணே, அதை நான் அனுப்பல. ஏஐ அனுப்பிருச்சு. முதலாளி ஒங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"உங்க பேரு போட்டிருந்துச்சு."

"எம்பேரைப் போட்டு அதுவே அனுப்பும்ணே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மொதலாளி போடான்னாக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அவரு அப்படித்தான். மூணு நாளு, நீங்க போன் பண்ணுவீங்க, வந்துரலாம்னு ஒரு தெம்பு. எழுதும்போதே அந்தத் தெம்புலதான் எழுதுவேன்" என்றார். பிறகு கேட்டார்: "அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா, ஒடனே ஏத்துக்கிரணும்னு?"

சத்யப்ரியா என்று சொல்லியிருக்கலாம். கம்பெனிக்காரர்கள் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை.

"நாந்தாண்ணே."

"நீங்க செய்யிறதத்தான எழுதச் சொல்லியிருப்பாக?"

"ஆமா."

"அப்ப எடுத்து வச்சிருந்து கூப்புடுவேன்னு ஏன் எழுதல?"

"வெக்கமா இருந்துச்சுண்ணே. மொதலாளி படிப்பாருன்னு."

மாயக்காள் விளக்கைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னைய வேலையில வச்சுக்கிட்டது வெளிய சொல்ல வெக்கப்படுற காரியமா மேடம்?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தாமரைச்செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா வேலையில இருக்கேன்னே சொல்லுங்கண்ணே, திங்கக்கெழம வந்துருங்க" என்று மட்டும் சொன்னேன். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் வந்துவிட்டார். பூ வைத்த விசேஷம் நல்லபடியாக முடிந்தது, தை மாதக் கல்யாணம் உறுதி என்று சொல்லி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் அன்றைக்கே அந்தப் பதிலை மாற்றினேன். ராஜினாமா வந்தால் யாருக்கும் பதில் அனுப்பாதே, என்னிடம் கொடு, நான் மூன்று நாள் வைத்திருந்து கூப்பிட்டுப் பேசுவேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். முதலாளி படித்தார். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதற்கா பதினோரு வருடம் பயந்தேன் என்று இருந்தது.

அதற்குப் பிறகு உக்கிரபாண்டி அண்ணன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. டீ வராவிட்டால் தானே போய் எடுத்துக்கொள்கிறார். சின்னப் பையன்களின் வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ஏஐ வந்த பிறகு ஆட்களே திருந்திவிட்டார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

போன வாரம், அண்ணன் பழுதுபார்த்த மோட்டார் ஒன்று இரண்டாம் நாளே நின்றுவிட்டது. தவறு மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிய வேறொரு பையனுடையது. முதலாளி அதைக் கேட்கவே இல்லை. கடை நிறைய ஆள் இருக்கும்போது, "வயசான காலத்துல வீட்டுல இருக்க வேண்டியதுதான" என்றார். மீனா என்னைப் பார்த்தாள்.

"சரிங்க சார், மறுபடி பாத்துக் குடுத்துர்றேன்" என்றார் உக்கிரபாண்டி அண்ணன்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் பட்டறைக்குப் போனேன். மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எழுதுங்கண்ணே. எங்கிட்டக் கையில குடுங்க. சத்தியமா நான் வச்சிருக்கேன்" என்றேன்.

தாளைப் பார்த்தார். கையில் கிரீஸ் இருந்ததால் வாங்கவில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் கையைத் துடைக்கவும் இல்லை.

"தை வரைக்கும் எனக்குக் கோவம் வராது மேடம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.