கடைசிச் சுற்று விருந்தாளி

எங்கள் லீகில் கடைசிச் சுற்றில் யாரை எடுக்கிறோமோ அவர் அந்த சீசன் முழுவதும் நம் வீட்டில் வந்து தங்குவார்.

விளையாட்டு எளிமையானதுதான். நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை நண்பர்கள் முறை வைத்து ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டு கற்பனை அணி சேர்ப்போம். அவர்கள் மைதானத்தில் ஆடினால் எங்களுக்குப் புள்ளி. ஊரில் தெருக் கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிப்பது போலத்தான். கல்யாணத்துக்கு முன்பு நியூ ஜெர்சியில் ஒரே அபார்ட்மென்ட்டில் குடியிருந்தபோது இதைத் தொடங்கினோம். நான், எழிலன், ஆசீர்வாதம், இன்னும் சிலர். அப்போது எங்களில் ஒருவருக்கும் பேஸ்பால் தெரியாது. பெயர் நன்றாக இருக்கிறது என்று ஆள் எடுத்தோம். மறுநாள் காலை கதவைத் திறந்தால் ஒரு விக்கெட் கீப்பர் மாதிரியான ஆள் பையோடு நின்றிருந்தார். எங்களிடம் ஒரே ஒரு மெத்தைதான் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தோம். சாம்பார் சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு, சீசன் முடிந்ததும் கிளம்பிப் போனார். அந்த அறையில் நாங்கள் சிரித்த சிரிப்பு மாதிரி பிறகு எந்த வீட்டிலும் சிரிக்கவில்லை.

முதல் சுற்றுகளில் எடுக்கப்படும் நட்சத்திரங்கள் யார் வீட்டுக்கும் வருவதில்லை. அவர்களுக்கு நேரமிருக்காது. அதனால் முதல் சுற்றுகளில் மூளை வேலை செய்யும். கடைசிச் சுற்று நெருங்க நெருங்க மனிதர்கள் மாறிவிடுவார்கள். ஒரு வருடம் முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு வரும் எழிலன்கூட கடைசியில் தன் பெரியப்பா ஜாடையில் இருக்கும் யாரையாவது எடுப்பான். ஆசீர்வாதம் எப்போதும் யாருக்கும் தெரியாத ஒரு இளைஞனை எடுப்பார். அவர் மனைவி மெர்சிக்கு நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகளைப் பிடிக்கும்.

நான் குயிரோஸை எடுப்பேன். டொமினிக்கன் நாட்டுக்காரர், இடது கைப் பந்து வீச்சாளர். வேகம் குறைந்து பல வருடமாகிவிட்டது. வேறு யாரும் அவரை எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் வந்து மாடி அறையில் பெட்டியை வைப்பார். என் மனைவி திலகம் அவரை அண்ணா என்பாள். "போதும்மா" என்ற ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டே அவர் எல்லாவற்றையும் பேசிவிடுவார். மகள் இனியா கல்லூரிக்குக் கிளம்பிய அன்று அவள் பெட்டிகளைக் காரில் ஏற்றியது அவர்தான். வலது கையால் ஏற்றினார். இடது கையில் மறுநாள் வேலை இருந்தது.

ஒரு கோடையில் மெர்சி இறந்துபோனாள். சடங்குகள் முடிந்து எல்லோரும் ஏதேதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது குயிரோஸ் மட்டும் ஆசீர்வாதத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மாலை வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் எழிலன் வீட்டில் ஆள் எடுக்கக் கூடினோம். கடைசிக்கு முந்தைய சுற்றில் ஆசீர்வாதத்தின் முறை வந்தது.

"குயிரோஸ்" என்றார்.

எழிலன்தான் மெதுவாகக் கேட்டான்: "ஆசீர், இது கடைசிச் சுற்று இல்லையே. அவர் உன் வீட்டுக்கும் வரமாட்டார், தம்பி வீட்டுக்கும் வரமாட்டார்."

என் பெயர் நல்லதம்பி. அவர்கள் தம்பி என்பார்கள்.

"தெரியும்ல" என்றார் ஆசீர்வாதம். பிறகு என்னைப் பார்த்தார். "கடைசி வரைக்கும் பொறுத்திருந்தா நீ எடுத்திருவேன்னு பயந்துட்டேன். வாய் முந்திட்டு."

எங்கள் எல்லோருக்கும் அது நடந்திருக்கிறது. இன்னொருவன் எடுத்துவிடுவானோ என்று ஒரு சுற்று முன்னால் கைநீட்டுவோம். ஆனால் சொன்ன பெயரைத் திரும்பப் பெற முடியாது.

கடைசிச் சுற்றில் அவருக்கு முறை வந்தபோது, "எனக்கு யாரும் வேண்டாம், விட்டிரு" என்றார். அடுத்தது நான். திலகம் ஏற்கெனவே மாடி அறையைப் பெருக்கி வைத்திருந்தாள். மிச்சமிருந்த பெயர்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

"ஆசீர்வாதம்" என்றேன்.

எழிலன் யோசித்தான். "எந்த இடத்துல ஆடுவார்?"

"செகண்ட் பேஸ்."

"காலேஜ்ல பாயின்ட்ல நின்னவர்தானே? சரியா வரும்" என்று எழுதிக்கொண்டான். ஆசீர்வாதம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பெட்டியோடும் ஒரு மீன் சட்டியோடும் வந்து நின்றார். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. திலகம் சட்டியை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஏப்ரல் முழுக்க அவரிடமிருந்து ஒரு புள்ளிகூட வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தட்டை மேலே கொண்டுபோனால் பாதி அப்படியே திரும்பி வரும். நண்பர்கள் போன் செய்து, அவரை நீக்கிவிட்டு வேறு ஆள் எடு என்றார்கள். அணியில் ஓர் இடம் வீணாகத்தான் போனது. எனக்கும் தோற்றுக்கொண்டே இருக்கப் பிடிக்கவில்லை. ஆனால் நீக்கினால் அவர் தன் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

மே மாதம் ஒரு காலையில் அவரே கீழே இறங்கி வந்தார். காப்பி கலந்துகொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். என் போனில் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொரு நாள் பாத்திரம் கழுவினார், இரண்டு பேஸ் ஓடியதாகக் காட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திலகம் கேட்காமலே மெர்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கல்யாணமான புதிதில் மெர்சி விமானத்தில் ஊரிலிருந்து கருவாடு கொண்டுவந்த கதை. சுங்க அதிகாரி பையைத் திறந்ததும் அவள் அதை மருந்து என்று சொன்னாளாம். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எந்த வியாதிக்கும்மா?" என்று கேட்டாராம்.

"அவ என்ன சொன்னா தெரியுமா? 'எங்க வீட்டுக்காரருக்கு ஊர் ஞாபகம்'ன்னா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பழைய அபார்ட்மென்ட் சிரிப்பு. சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார். திலகம் தண்ணீர் கொடுத்தாள். போனை எடுத்துப் பார்த்தேன். ஹோம் ரன், நம்மூர் சிக்ஸர்.

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. திலகம் அந்தச் சட்டியில் அவரை மீன் குழம்பு வைக்கச் சொன்னாள், வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டுத் தானும் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அன்று மூன்று ஹிட். எழிலன் தன் சிறந்த பந்து வீச்சாளரைத் தருகிறேன், ஆசீரைக் கொடு என்று போன் செய்தான். திலகம் போனை வாங்கி, "அண்ணா, அவரு சாப்பிட்டுட்டு இருக்காரு, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டாள். கோடை மாலைகளில் நாங்கள் இருவரும் பின்பக்கப் புல்வெளியில் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தோம். இருவருக்கும் முட்டி வலி.

அக்டோபரில் சீசன் முடிந்தது. ஆசீர்வாதம் பெட்டியைக் கட்டினார். வாசலில் நின்று, "வீட்டுக்குப் போக இப்பம் பயமில்லல" என்றார். அறையைச் சுத்தம் செய்யத் திலகம் ஒரு வாரம் தள்ளிப் போட்டாள்.

குளிர்காலத்தில் குயிரோஸ் ஓய்வு அறிவித்தார். ஓய்வு பெற்றவர்களை எடுக்க முடியாது.

மறுபடி மார்ச். முதல் சுற்று, முதல் முறை எழிலனுக்கு. அவன் யோசிக்கவே இல்லை.

"ஆசீர்வாதம்."

போன வருடத்து எண்கள் இப்படித்தான் எல்லோர் கண்ணையும் மறைக்கும். அந்த எண்கள் எந்த வீட்டில், என்ன சாப்பிட்டு வந்தவை என்று யாரும் கேட்பதில்லை. கடைசிச் சுற்று வரை அவர் இருப்பார் என்று நான் நம்பியிருந்தேன். திலகம் வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தாள்.

ஆசீர்வாதம் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். முதல் சுற்றில் போய்விட்டால் அவரும் நட்சத்திரம்தான்; வெளியே நிஜ பேஸ்பால் அணியின் கார் வந்து நின்றிருந்தது.

"போயிட்டு வாரேம்ல, தம்பி."

"முட்டியப் பாத்துக்கோ" என்றேன்.

அவர் மழைக்கோட்டு மட்டும் நாற்காலியில் தொங்கியது. அதன் முறை வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்தவருக்குப் போனோம்.

கடைசிச் சுற்றில் நல்ல இளைஞர்கள் சிலர் மிச்சமிருந்தார்கள். எனக்கு யார் முகமும் மனதில் நிற்கவில்லை. என் முறை வந்தபோது என் பெயரையே சொன்னேன். எழிலன் எழுதிக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தான்.

வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்தேன். சாவி சட்டைப் பையில் இருந்தாலும் விருந்தாளி மாதிரி மணியை அடித்தேன். திலகம் கதவைத் திறந்தாள்.

"வாங்க, வாங்க. வழியெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "மாடியில படுக்கை விரிச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் வர கொஞ்சம் லேட்டாகும். நீங்க முதல்ல சாப்பிடுங்க."

கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.