மச்சான் தலைக்கு நாலு அள்ளு

வந்த அன்றைக்கு, "ரெண்டு நாள் இருந்துட்டுக் கிளம்பிடுவேன் அக்கா" என்று சொல்லித்தான் பெட்டியை உள்ளே வைத்தான். இது மூன்றாவது ரமலான். அக்கா பிள்ளைகள் அவனுக்கு 'ரெண்டுநாள் மாமா' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். தெருவும் அதையே 'ரெண்டுநாள்' என்று சுருக்கிப் பிடித்துக்கொண்டது. நொடித்துப்போன செல்போன் கடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ரெண்டுநாளும் வாயைத் திறப்பதில்லை. சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். தொட்டதெல்லாம் விளங்காமல் போனது, அவ்வளவுதான்.

இந்த வருஷம்தான் கொஞ்சம் தலை நிமிர்ந்தான். தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான். மாடி மாடியாக ஏறித் தோள் காய்த்துப்போயிருக்கிறது, ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னதும் வீடு அமளிதுமளிப்பட்டது. சின்னவனுக்குப் புதுச் சட்டையில் பொத்தான் இல்லை. பெரியவளுக்குச் செருப்பு கடிக்கிறது. அக்காவுக்கு எல்லார் மேலும் கோபம். மச்சான் மட்டும் நிதானமாகக் கூடத்தில் பாயை விரித்து, அரிசி மூட்டையை அவிழ்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஃபித்ரா அளக்கிற நேரம்.

நாளைக் காலைத் தொழுகைக்கு முன்னால் இந்த அரிசி பின் சந்துத் தையல்காரம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பெருநாளன்று ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கக்கூடாது என்பதற்கான தர்மம் இது. தலைக்குத் தலை, இரண்டு கையையும் சேர்த்து நாலு அள்ளு. கடையில் எடை போட்டுப் பையாகவே கட்டித் தருகிறார்கள். மச்சானுக்கு அதெல்லாம் ஆகாது. ஏசி மெக்கானிக்கின் கை, ஒவ்வொன்றும் முறம் போல இருக்கும். அவர் நாலு அள்ளு அள்ளினால் கடைக்காரர் கணக்கில் அஞ்சைத் தாண்டும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்துத்தான் அளப்பார். கைக்குழந்தையைக்கூட அக்கா தூக்கிக் காட்டியாக வேண்டும்.

போன இரண்டு பெருநாளுக்கும் அந்த வரிசையில் ரெண்டுநாள் மாமாவும் நின்றிருக்கிறான். பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கும் தொட்டில் பிள்ளைக்கும் நடுவில், மீசை வைத்த ஆம்பிளை. மச்சான் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியதுண்டு.

இன்றைக்கு அவன் கட்டிலுக்கடியில் ஒரு பை இருக்கிறது. அவன் சம்பளத்தில் வாங்கிய அரிசி. அவன் தலைக்கும், இன்னொரு தலைக்கும். அந்த இன்னொரு தலைதான் சிக்கல். வளர்ந்த மனிதருக்காக வேறொருவர் கொடுப்பதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். மச்சானிடம் போய்ச் சம்மதம் கேட்பதற்கு, லிஃப்ட் இல்லாத எட்டாம் மாடிக்குக் கேன் சுமந்துவிடலாம்.

"அடுத்து யாரு? மாப்ள, வா, வந்து நில்லு."

"எனக்கு வேணாம் மச்சான். என்னோடதை நானே கொடுத்துக்கிறேன்."

மச்சானின் கை அரிசிக்குள்ளேயே நின்றது. "ஏன், தனியாப் போகப் போறியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"பின்ன என்ன? என் வீட்டுல சாப்பிடுற தலைக்கு நான்தான் அளப்பேன்."

அக்கா இஸ்திரிப் பெட்டியும் கையுமாக வந்துவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா சோத்தைச் சொல்லிக் காட்டுறீங்களா?"

"நான் எங்கடி சொல்லிக் காட்டினேன்? பாசத்துல சொன்னேன்!"

"உங்க பாசத்துக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்?"

இதற்குமேல் விட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று ரெண்டுநாள் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டான். "எனக்கு மட்டும் இல்ல மச்சான். உங்களுக்கும் சேர்த்து நான் கொடுக்கணும்னு ஆசை. நீங்க சரின்னு சொல்லணும்."

அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கா? நான் என்ன, முடியாமயா கிடக்குறேன்?" மச்சான் எழுந்து வாசல் பக்கம் போய், ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த ஷூவை எடுத்துவைத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். ரெண்டுநாள் கட்டிலுக்கடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். அவமானப்படுத்திவிட்டோமோ என்று பயம்.

"ரெண்டு வருஷம் எனக்கு அளந்தீங்களே, என்கிட்ட சம்மதம் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"கூச்சத்துல செத்திருப்பேன்."

"இப்ப எனக்கும் அப்படித்தான்டா இருக்கு." ஷூவைக் கீழே வைத்தார். குரல் பாதியாக இறங்கியிருந்தது. "அப்பா போனப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. அந்தப் பெருநாள்லேர்ந்து அம்மாவுக்கு, தங்கச்சிங்களுக்கு, எல்லாருக்கும் நான்தான். எனக்கும் நானேதான். எதிர்ல போய் நிக்கிறது எப்படின்னே மறந்துபோச்சு."

ரெண்டுநாள் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து, பையைப் பிரித்தான். முதலில் தன் பங்கை அளந்து ஒதுக்கினான். பிறகு காத்திருந்தான்.

மச்சான் கை கழுவிக்கொண்டு வந்தார். தொப்பியைத் தேடித் தலையில் வைத்தார். எதிரில் வந்து நின்றார். அந்தப் பெரிய உடம்பை என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. கையை முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், கடைசியில் தொங்கவிட்டார். பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அக்கா அதட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

"சம்மதமா மச்சான்? வாயால சொல்லணும்."

"சம்மதம், சம்மதம். அளந்து தொலை."

ரெண்டுநாள் அள்ளினான். மச்சான் கை அளவுக்கு அள்ளப் பார்த்து, பாயெல்லாம் அரிசி. சிந்தியதையும் கூட்டி எடுத்துப் போட்டு, குவியலாக நாலு அள்ளு அளந்து பையின் வாயைக் கட்டினான்.

மச்சான் நகரவில்லை.

"முடிஞ்சுது மச்சான்."

"தெரியுதுடா," என்றார் மச்சான். "கொஞ்ச நேரம் நின்னுக்கிறேன்."