சூளைக்குக் காவல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தின் விலை நாற்பத்தாறு டாலர். தபால் செலவு இலவசம். அந்த விலைக்கு ஒரு கண்ட்ரோலர், ஒரு ரிலே, சூட்டை உணரும் சென்சார் மூன்றும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்திருந்தன. பேரம் பேச ஆளில்லாத கடையில் வாங்கிவிட்டோமே என்று மட்டும் வெர்ஜிலுக்குச் சின்ன வருத்தம்.

தூக்கம் அவன் மனைவி லோர்னாவுக்கு. வாரநாட்களில் பள்ளிக்கூடச் சமையலறை, சாயங்காலம் களிமண், ஞாயிறானால் கராஜில் சூளை. ஓஹையோவில் யாரோ கடையை மூடியபோது வாங்கிய பழைய மின்சூளை அது. மூன்று திருகு உண்டு, மூளை கிடையாது. மணிக்கொரு தரம் திருகை ஏற்ற ஓர் ஆள் வேண்டும். பதினோரு வருடமாக மடக்கு நாற்காலியில் அந்த ஆள் லோர்னாதான். உட்கார்ந்தபடி கண்ணை மூடுவாள். அதற்குத் தூக்கம் என்று பெயர் வைக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை.

இந்த முறை உள்ளே இருந்தவை ஓர் உணவகம் கேட்ட நாற்பத்தெட்டு காப்பிக் கோப்பைகள். வாரமெல்லாம் மழை, மண் முழுசாகக் காயவில்லை. சூடு மெல்ல ஏறினால் ஈரம் ஆவியாகப் போய்விடும். சடாரென்று ஏறினால் கோப்பை வெடிக்கும்.

வெர்ஜில் முப்பது வருடம் லாரிகளுக்கு வயரிங் செய்தவன். கண்ட்ரோலர் கணக்குப்பிள்ளை, ரிலே வாசல்காரன் என்று அவளுக்கு விளக்கினான். சூடு எவ்வளவு என்று சென்சாரைக் கேட்டு கணக்குப்பிள்ளை உத்தரவு போடுவான். வாசல்காரன் திறந்து, சூளையைச் சுடவைக்கும் காயிலுக்கு மின்சாரத்தை அனுப்புவான். ரிலே தன் சூட்டிலேயே வெந்துவிடாமல் அலுமினியத் தகட்டில் முடுக்கினான். சென்சாரின் மஞ்சள் கம்பியை மைனஸிலும் சிவப்பைப் பிளஸிலும் யோசிக்காமல் முறுக்கினான். லாரியில் சிவப்பு என்றால் பிளஸ்.

திரையில் அறுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் என்று வந்தது, கராஜின் சூடு அவ்வளவுதான். ஈரம் போகும்வரை இருநூறுக்கு மேல் போகாதே என்று கண்ட்ரோலர் பெட்டிக்கு உத்தரவு போட்டுவிட்டு, ரேடியோவில் ஆட்டத்தையும் மடியில் ஹாம் சாண்ட்விச்சையும் வைத்துக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். லோர்னா ஷூவைக் கூடக் கழற்றாமல் போய்ப் படுத்தாள்.

தூக்கம் வரவில்லை. பழகிய உடம்பு நேரத்துக்கு எழுந்து கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கராஜுக்கு வந்துவிட்டது. சூளையின் பார்வைத் துளைக்கு நேரே கண்ணாடியைப் பிடித்தாள். மங்கினால் உள்ளே இன்னும் ஈரம் என்று அர்த்தம். இன்று கண்ணாடி மங்கவில்லை, சொட்டியது. உள்ளே ஏதோ டப்பென்று தெறித்தது. ரிலேயின் விளக்கு கண் இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

"வெர்ஜில், உள்ள மைனஸ் தொண்ணூறாம். கோப்பை சுடுறியா, பென்குயின் வளர்க்கிறியா?"

அவன் திரும்புவதற்குள் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள்.

அட்டைப்பெட்டியின் அடியிலிருந்து எறும்பளவு எழுத்தில் ஒரு காகிதம் கிடைத்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தான். நெடுநேரம் வாசித்தான்.

"இந்தக் கம்பியில செவப்புதான் மைனஸாம்," என்றான். "சூடு ஏற ஏற எண்ணு எறங்கியிருக்கு. குளுருதுன்னு நெனச்சு அது முழுசாத் தெறந்துவிட்டிருக்கு. முப்பது வருஷமா செவப்புன்னா பிளஸ், லோர்னா."

"அதைச் சூளைகிட்ட சொல்லு."

ஆறிய பிறகு மூடியைத் திறந்து உடைசலைப் பொறுக்கினார்கள். அவன் கம்பிகளை இடம் மாற்றினான். இப்போது எண் ஒழுங்காக ஏறியது, ரிலே விட்டு விட்டுக் கண் சிமிட்டியது. நீ போய்ப் படு, இனிமேல் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றான். லோர்னாவுக்கு அந்தப் பெட்டி மேல் இருந்த நம்பிக்கையும் கோப்பையோடு வெடித்துவிட்டது. சுவரோரம் சாய்த்திருந்த மடக்கு நாற்காலியை இழுத்து விரித்தாள். சரி, பழையபடி அவளே உட்காரப்போகிறாள் என்று அவன் சாண்ட்விச்சைத் தேடினான்.

"ஒக்காரு," என்று கைக்கண்ணாடியை அவனிடம் கொடுத்தாள். "அப்பப்போ துளைகிட்ட பிடிச்சுப் பாரு. எண்ணு எறங்குச்சுன்னா சுவிட்சை எறக்கு. என்னை எழுப்பாதே."

இந்த முறை ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்தாள்.

கோப்பைகளில் மூன்று போயின, நாற்பத்தைந்து பிழைத்தன. காவல் கணக்கில் லோர்னா பேரில் பதினோரு வருடத்து ஞாயிறுகள், வெர்ஜில் பேரில் ஒன்று. மற்றதெல்லாம் பாக்கி.